மூழ்கும் நிலத்தின் முழுக் கணக்கு: அணைகளுக்கு நிலமெடுப்போருக்கு ஒரு திறந்த மடல்

அணைத் திட்டங்களுக்காக நிலம் கையகப்படுத்தும் அரசுத் துறைகளின் பொறுப்பாளர்களுக்கும், அத்திட்டங்களுக்குக் கடன் வழங்கும் நிதி நிறுவனங்களின் இயக்குநர்களுக்கும்,

வணக்கம்.

ஓர் அணையின் திட்ட அறிக்கையில் நிலமெடுப்புக்கென்று ஒதுக்கப்படும் தொகை எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். நீர் எந்த மட்டம் வரை தேங்கும் என்று பொறியாளர்கள் ஒரு கோடு வரைகிறார்கள். அக்கோட்டுக்குள் அடங்கும் புல எண்கள் பட்டியலிடப்படுகின்றன. ஒவ்வோர் எண்ணுக்கும் உரிமையாளர் யார், பரப்பு எவ்வளவு, மரங்கள் எத்தனை, கிணறு உண்டா, வீடு எவ்வகை என்று குறிக்கப்பட்டு, அவற்றின் மதிப்பு கூட்டப்படுகிறது. இவ்வேலையைப் பல அலுவலர்கள் நேர்மையோடு செய்கிறார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்தக் கூட்டுத்தொகை தனித்தனி நிலத்துண்டுகளின் விலை மட்டுமே. நீருக்குள் போவதோ, அந்த நிலங்களை நடுவில் வைத்துப் பல்லாயிரம் பேர் ஒருவருக்கொருவர் வேலையும் கூலியும் கடனும் சரக்கும் கொடுத்து வாங்கி நடத்திவந்த ஒரு வட்டாரத்தின் பொருளாதாரம். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தை இப்போது சுமப்பவர்கள் அவ்வட்டாரத்து மக்களே. அதை அவர்கள் தலையிலிருந்து இறக்கித் திட்டத்தின் செலவுக் கணக்கில் எழுதுங்கள் என்று கேட்பதற்காகவே இம்மடலை எழுதுகிறேன்.

அணைகளே வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. தேக்கிய நீரால் இரண்டாம் போகம் கண்ட வயல்களும், வெள்ளத்திலிருந்து தப்பிய நகரங்களும், மின்சாரத்தால் இயங்கும் ஆலைகளும் உண்மையானவை. அந்த நன்மைகள் பெரும்பாலும் அணைக்குக் கீழேயோ, கம்பிகளின் மறுமுனையிலோ போய்ச் சேர்கின்றன. இழப்பு முழுவதும் அணைக்கு மேலே ஒரு பள்ளத்தாக்கில் குவிகிறது. நாட்டின் மொத்தக் கணக்கில் லாபம் தெரிவதால், அந்தப் பள்ளத்தாக்கின் தனிக்கணக்கை யாரும் கேட்பதில்லை. உலக அணைகள் ஆணையம் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கை, பெரிய அணைகளால் இடம்பெயர்ந்தவர்கள் உலகெங்கும் 4 கோடி முதல் 8 கோடிப் பேர் வரை இருக்கலாம் என்றது. கீழெல்லைக்கும் மேலெல்லைக்கும் இடையே 4 கோடி மனிதர்கள் இருக்கிறார்கள். எடுத்த நிலத்தின் பரப்பை நாம் துல்லியமாக அளந்துவைத்திருக்கிறோம். அந்நிலத்தைவிட்டு எத்தனை பேர் போனார்கள் என்பதை அப்படி எண்ணிவைக்கவில்லை.

முதலில் காலத்தைப் பற்றிச் சொல்கிறேன், ஏனெனில் உங்கள் கணக்கில் மிகப் பெரிய ஓட்டை அங்கேதான் இருக்கிறது. உங்கள் ஆவணங்களில் இழப்பு என்பது நிலம் கைமாறும் நாளில் தொடங்குகிறது. ஊரில் அது அறிவிப்பு வந்த நாளிலேயே தொடங்கிவிடுகிறது. பல இடங்களில் அளவைக் கற்கள் நடப்பட்ட அன்றே தொடங்கிவிடுகிறது. மூழ்கப்போகும் நிலத்தை ஈடாக ஏற்று எந்த வங்கியும் கடன் தராது. ஐந்தாறு ஆண்டுகள் கழித்தே காய்க்கும் மரத்தை யாரும் நடமாட்டார்கள். கிணற்றை ஆழப்படுத்துவதும், கூரையை மாற்றுவதும், வரப்பை உயர்த்துவதும் வீண் செலவாகத் தோன்றும். அரசும் அவ்வாறே எண்ணுகிறது: எப்படியும் மூழ்கும் ஊருக்கு எதற்குப் புதிய பள்ளிக் கட்டடம், எதற்குச் சாலைப் பழுதுபார்ப்பு என்று அந்த ஊரின் பெயர் ஒவ்வோர் ஆண்டும் பட்டியலிலிருந்து விடுபடுகிறது. திட்டம் நிதிக்காகவும் வழக்குகளுக்காகவும் பத்து, இருபது ஆண்டுகள் இழுபடும்போது, ஒரு தலைமுறைக்குரிய முதலீடு அவ்வூரில் நிகழாமலே போய்விடுகிறது. நடந்த சேதத்துக்கு ரசீது காட்டலாம். நடவாமற்போன வளர்ச்சிக்கு எந்தக் காகிதமும் கிடையாது. அதனால் அது உங்கள் கணக்கில் ஏறுவதில்லை.

இதன் விளைவு இழப்பீட்டையும் தாக்குகிறது. கடந்த சில ஆண்டுகளின் விற்பனைப் பத்திரங்களை வைத்தே நிலத்தின் சந்தை மதிப்பு பொதுவாக நிர்ணயிக்கப்படுகிறது. மூழ்குமென்ற பேச்சு பரவிய வட்டாரத்தில் நிலம் வாங்க யார் முன்வருவார்? அவசரத்துக்கு விற்றவர்களின் பத்திரங்களே பதிவேட்டில் மிஞ்சும். நல்ல நீர்ப்பாசன நிலம் இயல்பான காலத்திலேயே அரிதாகத்தான் கைமாறும் என்பதால், விற்பனைக்கு வந்தவை பெரும்பாலும் சுமாரான நிலங்களாகவே இருக்கும். பத்திரச் செலவைக் குறைக்க விலையைக் குறைத்துக் காட்டும் பழக்கமும் இதனோடு சேர்ந்துகொள்கிறது. இப்படி மூன்று வழிகளில் சுருங்கிய ஒரு விலையைச் சந்தை விலை என்கிறோம். இந்தியாவின் 1894ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2013ஆம் ஆண்டு நிலமெடுப்புச் சட்டம், முந்தைய மூன்று ஆண்டுப் பத்திரங்களில் உயர்ந்த விலை கொண்ட பாதியை மட்டும் எடுத்துச் சராசரி காணவும், அதற்கு மேல் 100 விழுக்காடு ஆறுதல் தொகை சேர்க்கவும் சொல்வதற்கு இந்தச் சுருக்கமே காரணம் என்று நான் கருதுகிறேன். அது நல்ல திருத்தம். ஆனாலும் அடிப்படை எண் தவறாக இருக்கும்போது, அதை எத்தனை மடங்காக்கினாலும் தவறும் கூடவே பெருகும்.

இழப்பீடு கையில் வந்த பிறகு நடப்பது இன்னும் கடுமையானது. ஒரே பருவத்தில் பல ஊர் மக்கள் பணத்தோடு புறப்பட்டு, மூழ்காத பக்கத்து ஊர்களில் நிலம் தேடுகிறார்கள். நிலத்தின் அளவு கூடவில்லை, தேடுவோர் எண்ணிக்கை கூடிவிட்டது, எனவே விலை ஏறுகிறது. முதலில் பணம் பெற்றவர் தாம் இழந்ததில் பாதியையாவது வாங்குகிறார். மேல்முறையீட்டில் காத்திருந்து இரண்டாண்டு கழித்துப் பெற்றவருக்கு வீட்டுமனை மட்டுமே கட்டுப்படியாகிறது. விவசாயம் அன்றி வேறு தொழில் அறியாத குடும்பத்தின் கையில் தங்கிய பணம் பழைய கடனுக்கும், திருமணத்துக்கும், மருத்துவத்துக்கும், விற்பனையாளர் வாசலுக்கே கொண்டுவந்து நிறுத்தும் வாகனத்துக்கும் கரைகிறது. அவர்களை ஊதாரிகள் என்று பேசுவது அநியாயம். நிலம் ஆண்டுதோறும் சிறிது சிறிதாகத் தந்த வருமானத்தை நாம் ஒரே நாளில் ரொக்கமாக மாற்றிக் கொடுத்துவிட்டு, அதை மீண்டும் ஆண்டு வருமானமாக்கும் திறமையை அவர்களிடம் எதிர்பார்க்கிறோம். காசோலை குடும்பத் தலைவர் பெயரில் வருவதால், அந்நிலத்தில் பாதி வேலையைச் செய்த பெண்ணுக்கு அதன்மீது எந்தச் சொல்லும் இல்லாமல் போகிறது. நிலம் இருந்தவரை அவர் சம்மதமின்றி விற்பது கடினமாக இருந்தது. பணத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

நர்மதை நதிநீர்த் தகராறு நடுவர் மன்றம் 1979இல் நிலத்துக்கு நிலம் என்ற நெறியை வகுத்ததும், வயது வந்த மகன்களைத் தனிக்குடும்பமாகக் கொண்டு, குறைந்தது 2 ஹெக்டேர் பாசன நிலம் தரச் சொன்னதும் இந்தப் பின்னணியில்தான் பொருள்படுகின்றன. நெறி சரியானதே. ஆனால் அந்த நர்மதையின் குறுக்கே எழுந்த சர்தார் சரோவர் அணைத் திட்டத்தை ஆராய உலக வங்கி அமர்த்திய மோர்ஸ் குழு 1992இல் அளித்த அறிக்கை, அணை நீரில் நிலம் மூழ்குவோருக்கு உரிய தகுதி கால்வாய்க்காக நிலம் இழப்போருக்கு வழங்கப்படவில்லை என்று சுட்டிக்காட்டியது. ஒரே திட்டத்துக்காக நிலம் இழந்த இருவரில் ஒருவர் பாதிக்கப்பட்டவர், மற்றவர் அப்படியல்லர் என்றானது. போங் அணைக்காக இமயமலை அடிவாரத்தில் நிலம் இழந்தவர்களுக்கு ராஜஸ்தானின் கால்வாய்ப் பாசனப் பகுதியில் நிலம் தருவதாக உறுதியளிக்கப்பட்டது. அணை 1974இல் முடிந்தது; ஒதுக்கீட்டுக்காகப் பலர் பல பத்தாண்டுகள் காத்திருந்தார்கள். மழையும் மலையும் அறிந்த உழவருக்குப் பாலைவன ஓரத்தில் கால்வாய் நிலத்தைக் கொடுக்கும்போது, ஏக்கர் கணக்கு ஒத்துப்போனாலும் அவரது தொழிலறிவு அங்கே செல்லாக்காசாகிறது. எந்த மண்ணில் எப்போது விதைப்பது, யாரிடம் கைமாற்று வாங்குவது, எந்தச் சந்தைக்கு எதைக் கொண்டுபோவது என்ற அறிவும் ஒரு முதலே. அதற்கு உங்கள் படிவத்தில் நிரல் இல்லை.

அடுத்து, நிலமே இல்லாதவர்கள். ஒரு பள்ளத்தாக்கில் நிலவுடைமையாளர் ஒருவருக்கு வரும் வருமானம் அவரோடு நிற்பதில்லை. விளைச்சலில் பங்குக்கு, அதாவது வாரத்துக்கு, உழுபவர், நாள்கூலிக்கு நடவும் களையும் செய்பவர், கலப்பை அடிக்கும் கொல்லர், வண்டி ஓட்டுபவர், ஆட்டுக் கிடை போடுபவர், படகோட்டி, தையல்காரர், சிறுகடைக்காரர் என்று அது பலர் கைக்குப் போய், மறுபடியும் தானியம் வாங்கும் பணமாக வயலுக்கே திரும்புகிறது. நிலத்தை வாங்கியதும் இந்தச் சுழற்சி ஒரு நாளில் நிற்கிறது. ஆனால் இழப்பீடு உடைமையாளரிடம் மட்டும் போகிறது. மற்றவர்களிடம் பத்திரம் இல்லை. தாய்லாந்தின் பாக் மூன் அணைக்கு 241 குடும்பங்கள் இடம்பெயரும் என்று முதலில் மதிப்பிடப்பட்டது. இறுதியில் இடம்பெயர்ந்தவை சுமார் 1,700 குடும்பங்கள். ஆற்று மீன்பிடிப்பை இழந்த 6,000க்கும் மேற்பட்ட குடும்பங்களோ அம்மதிப்பீட்டில் இடம்பெறவே இல்லை. நீண்ட போராட்டத்துக்குப் பிறகே அவர்களுக்கு இழப்பீடு கிடைத்தது. வீடும் வயலும் மூழ்காத ஒருவர் தம் பிழைப்பை முழுவதுமாக இழக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இந்தியாவின் 2013ஆம் ஆண்டுச் சட்டம், நிலம் இல்லாவிட்டாலும் மூன்று ஆண்டுகளுக்கு முன்பிருந்தே அப்பகுதியில் உழைத்து வாழும் விவசாயக் கூலிகளையும் குத்தகைதாரர்களையும் வாரக்குடிகளையும் கைவினைஞர்களையும் பாதிக்கப்பட்ட குடும்பம் என்ற வரையறைக்குள் கொண்டுவந்தது. இதை முழுமனத்தோடு வரவேற்கிறேன். ஆனால் வாய்மொழியாகக் குத்தகை பேசிய இடத்தில் குத்தகைதாரர் எதைக் காட்டித் தம்மை நிறுவுவார்? குத்தகையை ஒப்புக்கொண்டால் தம் உரிமைக்கு ஆபத்து என்று அஞ்சும் உடைமையாளர் சாட்சி சொல்ல வரமாட்டார். பருவத்துக்கு வந்து போகும் கூலியாளர் கணக்கெடுப்பு நாளில் வேறு ஊரில் இருந்திருப்பார். எனவே கணக்கெடுப்பை ஒரு நாள் வேலையாக முடிக்காமல், ஒரு முழு வேளாண் ஆண்டு முழுவதும், ஒவ்வொரு பருவத்திலும் நடத்துங்கள் என்று கேட்கிறேன். பொது மேய்ச்சல் நிலமும் ஆற்றோரப் புதர்க்காடும் அரசுக்குச் சொந்தமென்பதால் இலவசமாக எடுத்துக்கொள்ளப்படுகின்றன; அவற்றிலிருந்து விறகும் தீவனமும் கீரையும் பெற்றவர்கள் அன்றிலிருந்து அவற்றைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். அந்தக் காசும் திட்டத்தின் செலவுதான்.

மூழ்காமல் எஞ்சும் ஊர்களின் கதி பற்றி எந்த அறிக்கையிலும் போதிய பேச்சு இல்லை. வாரச்சந்தை ஒன்று இருபது ஊர்களை நம்பி நடக்கிறது; அவற்றில் பன்னிரண்டு மூழ்கினால் எட்டு ஊர்களுக்காக அது நடக்காது, மெல்ல மூடிவிடும். அரைவை ஆலைக்கு நெல் வராது, பேருந்துக்கு ஆள் சேராது, பள்ளிக்குப் பிள்ளைகள் குறைவார்கள். நீர்த்தேக்கம் சாலையை அறுத்துவிட்டால், எதிர்க்கரை ஊருக்கு முன்பு நடந்து போனவர் பல கல் சுற்றிப் போக வேண்டும். இன்றைய வங்கதேசத்தில் கர்ணபுளி ஆற்றின் கப்தாய் அணை 1960களின் தொடக்கத்தில் நிரம்பியபோது, சிட்டகாங் மலைப்பகுதியில் சுமார் 54,000 ஏக்கர் விளைநிலம் மூழ்கியது; அது அப்பகுதியின் சாகுபடி நிலத்தில் ஏறத்தாழ 40 விழுக்காடு. இடம்பெயர்ந்த சுமார் ஒரு லட்சம் பேர், மீதியிருந்த நிலத்தின்மீதும் மலைச்சரிவுகளின்மீதும் போய் விழுந்தார்கள். நிலம் இழக்காத குடும்பங்களும் அன்றுமுதல் நிலப் பற்றாக்குறையில் வாழ்ந்தன. பாதிக்கப்பட்ட பகுதி என்பதை நீர்மட்டக் கோட்டோடு நிறுத்துவது எவ்வளவு தவறு என்பது அங்கே தெரிந்தது.

கட்டுமானக் காலத்தில் உள்ளூரில் பணம் புழங்கும் என்று நீங்கள் சொல்வது உண்மை. வீட்டு வாடகை ஏறுகிறது, உணவகங்கள் திறக்கின்றன, கூலி உயர்கிறது. திறன் தேவைப்படும் வேலைகள் வெளியாட்களுக்கும், மண் சுமக்கும் வேலை உள்ளூராருக்கும் போவதே வழக்கம் என்பதால், அணை முடிந்த அன்று உள்ளூராரிடம் எடுத்துச்செல்லத் தொழில் எதுவும் மிஞ்சுவதில்லை. கடன் வாங்கிக் கடை வைத்தவரிடம் கடன் மட்டும் மிஞ்சுகிறது. நிலமெடுப்பு அறிவிக்கப்பட்ட ஆண்டிலேயே பயிற்சியைத் தொடங்கியிருந்தால் இது வேறு விதமாக இருந்திருக்கும்.

அணைக்குக் கீழே வாழ்வோர் எப்போதும் பயனாளிகள் என்பதும் முழு உண்மையல்ல. கானாவில் வோல்டா ஆற்றின் அக்கோசோம்போ அணை 1965இல் முடிந்தபோது சுமார் 80,000 பேர், 700க்கும் மேற்பட்ட ஊர்களிலிருந்து 52 புதிய குடியிருப்புகளுக்கு மாற்றப்பட்டார்கள். அது எல்லாரும் அறிந்தது. கீழ் வோல்டாவில் ஆண்டு வெள்ளம் வடிந்த பின் ஈர வண்டலில் பயிரிட்டவர்களும், ஆற்றுச் சிப்பி எடுத்து விற்ற பெண்களும் வெள்ளம் நின்றதால் தொழில் இழந்தது அவ்வளவாகப் பேசப்படவில்லை. அவர்களின் ஒரு சென்ட் நிலமும் எடுக்கப்படவில்லை என்பதால் அவர்களுக்கு எந்த அறிவிப்பும் போகவில்லை. ஸாம்பேசி ஆற்றின் கரீபா அணைக்காக 1950களின் இறுதியில் இடம்மாறிய 57,000 டோங்கா மக்கள், வண்டல் படிந்த ஆற்றோரத் தோட்டங்களை விட்டு மேட்டு நிலங்களுக்குப் போனார்கள். மானிடவியலாளர்களான தாயர் ஸ்கடரும் எலிசபெத் கோல்சனும் 1956இலேயே அங்கு ஆய்வைத் தொடங்கிப் பல பத்தாண்டுகள் தொடர்ந்ததால், மறுகுடியமர்வின் விளைவு ஐந்தாண்டு அறிக்கையில் அடங்காது, அடுத்த தலைமுறையிலும் தொடரும் என்பதை உலகம் அறிந்தது. உங்கள் திட்டங்களில் கண்காணிப்பு எத்தனை ஆண்டுகளுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று ஒருமுறை திறந்து பாருங்கள். கடைசித் தவணை கொடுத்ததும் கோப்பு மூடப்படுகிறது.

இவ்வளவையும் சேர்த்தால் எந்த அணையும் கட்டுப்படியாகாது என்று உங்களில் சிலர் சொல்லக்கூடும். அந்தச் செலவு ஏற்கெனவே இருக்கிறது, செலுத்தப்பட்டும் வருகிறது. செலுத்துவோர் மட்டும் பலவீனமானவர்கள். உலக அணைகள் ஆணையம் ஆராய்ந்த அணைகளில் கட்டுமானச் செலவு மதிப்பீட்டைவிடச் சராசரியாக 56 விழுக்காடு கூடியிருந்தது. இரும்புக்கும் சிமெண்டுக்கும் கூடுதல் செலவை ஏற்ற திட்டங்கள், மனிதர்களின் பிழைப்புக்கு வந்ததும் முதல் மதிப்பீட்டிலேயே உறுதியாக நிற்பது எனக்கு வேதனை தருகிறது. உண்மையான செலவை முன்கூட்டியே எழுதினால், சில அணைகளின் உயரம் குறையும், சில வேறு இடத்துக்கு மாறும், சில கைவிடப்படும், பல கட்டவும்படும்.

ஒரே முறை கொடுத்து முடிக்கும் இழப்பீட்டுக்கு மாற்று வழிகள் நடைமுறையில் இருக்கின்றன. நார்வேயில் 1917ஆம் ஆண்டுச் சட்டங்களின்படி, ஆற்றைப் பயன்படுத்த உரிமம் பெற்றவர் மின்சாரத்தில் 10 விழுக்காடு வரை பாதிக்கப்பட்ட உள்ளாட்சிகளுக்கு அடக்க விலையில் தர வேண்டும். நூறாண்டுக்குப் பிறகும் அந்த வருமானம் வந்துகொண்டிருக்கிறது. பிரேசிலின் 1988ஆம் ஆண்டு அரசமைப்பு, நீர்மின் உற்பத்தியின் வருவாயில் பங்கை மாநிலங்களுக்கும் நகராட்சிகளுக்கும் உரிமையாக்கியது. மூழ்கிய பரப்புக்கேற்ப நகராட்சிகள் அதைப் பெறுகின்றன. ஜப்பான் 1973இல் நீர்த்தேக்கப் பகுதிகளுக்கெனத் தனிச்சட்டம் இயற்றி, கீழே பயன்பெறுவோரும் மேலே இழந்த பகுதியின் சீரமைப்புச் செலவில் பங்கேற்க வழிசெய்தது. கனடாவில் கொலம்பியா ஆற்று அணைகளால் 2,300க்கும் மேற்பட்டோர் இடம்பெயர்ந்து முப்பது ஆண்டுகளுக்குப் பின், 1995இல், அப்படுகை மக்களுக்கென அறக்கட்டளை ஒன்று நிறுவப்பட்டது. காலம் தாழ்ந்துதான், ஆனாலும் நிறுவப்பட்டது. நார்வேயிலும் பிரேசிலிலும் அணை வருமானம் ஈட்டும் காலம் முழுவதும் இழந்த வட்டாரமும் அதில் பங்குபெறுகிறது. நிலவரி செலுத்திய ஊர்கள் மறைந்ததால் வருவாய் சுருங்கிய உள்ளாட்சிகளுக்கு இதைவிட நியாயமான ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

உங்களிடம் நான் வேண்டுவது இவை. மூழ்கும் புல எண்களின் பட்டியலோடு, அந்த வட்டாரத்தில் ஓராண்டில் யாரிடமிருந்து யாருக்கு எவ்வளவு வருமானம் போகிறது என்ற கணக்கையும் எடுத்து, நிதி ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன் அந்த ஊர்களின் மொழியில் அவர்கள் முன் வையுங்கள். அறிவிப்புக்கும் எடுப்புக்கும் இடைப்பட்ட ஒவ்வோர் ஆண்டுக்கும், முடக்கிவைத்ததற்கான தொகையைத் தனியாகக் கொடுங்கள். குறித்த ஆண்டுகளுக்குள் திட்டம் தொடங்காவிட்டால் அறிவிப்பு தானாகவே காலாவதியாகட்டும். நிலவிலையைப் பழைய பத்திரத்தால் தீர்மானிக்காமல், அதே தரமுள்ள நிலத்தை இன்று வாங்க என்ன ஆகுமோ அதனால் தீர்மானியுங்கள். இயன்ற இடத்தில் நிலத்தை நீங்களே முன்கூட்டி வாங்கிக் கணவன், மனைவி இருவர் பெயரிலும் கொடுங்கள். நீர்த்தேக்கத்தின் மீன்பிடி உரிமையை வெளியூர் ஒப்பந்ததாரருக்கு ஏலம் விடாமல், நீர் வடியும் மாதங்களில் கரையோர வண்டலில் பயிரிடும் உரிமையோடு சேர்த்து, இடம்பெயர்ந்தோரின் கூட்டுறவுகளுக்கே ஒப்படையுங்கள்.

கடன் வழங்குவோருக்கு ஒரு தனி வேண்டுகோள். இந்தியச் சட்டம் பாசன, நீர்மின் திட்டங்களில் நிலம் மூழ்குவதற்கு ஆறு மாதங்களுக்கு முன்பே மறுவாழ்வுப் பணிகள் முடிந்திருக்க வேண்டும் என்கிறது. அணைச்சுவர் உயர உயர உங்கள் தவணைகள் வெளியாகின்றன; இறுதித் தவணையை மட்டும் கதவுகளை இறக்குவதோடு கட்டாமல், இடம்பெயர்ந்த குடும்பங்களின் ஆண்டு வருமானம் பழைய அளவை எட்டியதோடு கட்டுங்கள். அந்த அளவை உறுதிசெய்யும் கணக்கெடுப்பில் நிலமற்றோரும், கீழாற்றுக் குடும்பங்களும், எஞ்சிய ஊர்களின் சிறுகடைக்காரர்களும் பெயரோடு இடம்பெறட்டும். நீங்கள் ஆராய்ந்துகொண்டிருக்கும் அடுத்த திட்ட அறிக்கையில், நிலமெடுப்பு என்ற தலைப்பின் கீழ் இவர்களுக்கு எத்தனை வரிகள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன என்று பார்த்து, பதிலைப் பொதுவில் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இழந்த ஊர்களின் கணக்கைப் படித்துவரும் ஒரு குடிமகன்